பிறந்ததும் குழந்தை அழாமல் போவது ஏன்? பிரசவ நேரத்தில் தடுக்க முடியுமா?

கேள்வி: 11.02.2024, காலை 10.15

மனைவிக்கு முதல் பிரசவம். இன்றோடு முப்பது வாரம். ஊரிலுள்ள அரசு மருத்துவமனையில்தான் பார்க்கிறோம். என் அக்கா மகன் பிறந்தபோது அழவில்லை. பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போது ஒன்பது வயது, இன்னமும் கையைப் பிடித்தால்தான் படியேறுவான். கொடி சுற்றியதுதான் காரணம் என்று அம்மா சொல்கிறார். குழந்தை தண்ணீர் குடித்துவிட்டது என்று மாமியார் சொல்கிறார். அக்காவுக்கு முக்கத் தெரியவில்லை என்று அவள் புகுந்த வீட்டில் சொல்கிறார்கள். மாமா ஒருவர், நாள் பார்த்துத் தனியாரில் ஆபரேஷன் செய்துவிட்டால் மூச்சுப் பிரச்சினையே வராது என்கிறார். நிஜமாகவே பிரசவ நேரத்தில் இதைத் தடுக்க வழி இருக்கிறதா, இல்லை எல்லாம் விதியா?

11.02.2024, இரவு 9.40

முப்பத்தோரு வருடம் பிரசவ அறையில் நின்ற செவிலியர் எழுதுகிறேன். ஓய்வுபெற்று மூன்று வருடமாகிறது. உங்கள் அக்கா முக்கியதில் தவறில்லை. முதலில் இதை அவரிடம் போய்ச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

11.02.2024, இரவு 11.05

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைகளில் பலருக்குச் சிக்கல் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தைக்கு மூச்சு நுரையீரலில் இல்லை, அதைத் தாயோடு இணைக்கும் நஞ்சில் (பிளசென்டாவில்) இருக்கிறது. ஒவ்வொரு வலிக்கும் கர்ப்பப்பை இறுகும், நஞ்சுக்குப் போகும் ரத்தம் குறையும். வலி விட்டதும் மறுபடி நிறையும். கிணற்றில் முங்கு நீச்சல் அடிக்கிற பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். முங்குகிறான், மேலே வந்து மூச்சு வாங்குகிறான், மறுபடி முங்குகிறான். மூச்சு வாங்க நேரம் கிடைத்தால் நாள் முழுக்க முங்குவான். மேலே வந்தவுடனே ஒருவன் தலையைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தால்?

பத்து நிமிடத்துக்கு மூன்று, நான்கு வலி என்றால் பிள்ளை தாங்கும். ஐந்துக்கு மேல் போனால் தலையை அமுக்குகிற கதைதான். தானாக வரும் வலி அப்படி ஓடுவது குறைவு. டிரிப்பில் ஆக்ஸிடோசின் ஏற்றி வரவைக்கும் வலிதான் பெரும்பாலும் எல்லை மீறும்.

உள்ளே இருக்கிற பிள்ளை திணறுகிறதா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இருக்கும் ஒரே ஜன்னல் அதன் இதயத் துடிப்பு. வலி விட்டவுடன் ஒரு முழு நிமிடம் கேட்க வேண்டும். 120 முதல் 160 வரை சரி. வலி விட்டும் துடிப்பு ஏறாமல் கீழேயே கிடந்தால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். வலி நன்றாகப் பிடித்தபின் அரை மணிக்கு ஒருமுறை, முக்கத் தொடங்கிவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. கேட்கும்போது இன்னொரு கையால் தாயின் மணிக்கட்டில் நாடி பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தாயின் துடிப்பையே பிள்ளையுடையது என்று எண்ணி எழுதிவிடுவோம். இது வேடிக்கை இல்லை, நடக்கிறது.

விதியா என்று கேட்டீர்கள். கொஞ்சம் உண்டு என்றுதான் நினைக்கிறேன். 1993இல் நான் பார்த்த ஒரு பிரசவம். மதியம் இரண்டரை முதல் அரை மணிக்கு ஒருமுறை துடிப்பு பார்த்து எழுதியிருக்கிறேன், ஏழு முறையும் 140. அப்படியிருந்தும் குழந்தை வெளுத்துத் துவண்டு வந்தது.

12.02.2024, காலை 6.30

திருத்தம். 120 என்றது பழைய பாடம். இப்போது 110 முதல் 160 வரை என்றுதான் வைத்திருக்கிறார்கள். நாங்கள் படித்தபோது 120. வயதானவர்களிடம் எண் கேட்டால் இப்படித்தான்.

13.02.2024, மாலை 4.20

நாள் பார்த்து ஆபரேஷன் என்ற மாமாவுக்கு.

வயிற்றில் இருக்கும்போது நுரையீரல் முழுக்க நீர். காற்று புக வேண்டுமானால் அது வடிய வேண்டும். பிறப்புறுப்பு வழியாக வரும்போது மார்பு நசுங்கி நீர் பிழியப்படுகிறது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அதில் பாதிதான் உண்மை. வலி எடுத்தவுடன் பிள்ளையின் உடம்பில் அட்ரினலின் முதலான சுரப்புகள் ஏறுகின்றன. நுரையீரல் அதுவரை நீர் சுரந்துகொண்டிருந்ததை நிறுத்தி, உறிஞ்சத் தொடங்குகிறது. வலியே வராமல் வயிற்றைத் திறந்து எடுத்தால் பிள்ளைக்கு அந்தத் தந்தி போய்ச் சேரவில்லை. பிறந்து சில மணி நேரம் வேகவேகமாக மூச்சு வாங்கும், மூக்கு விடைக்கும், முனகும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். சில பிள்ளைகள் அதோடு விடுவதில்லை.

முந்தைய பிரசவமும் ஆபரேஷனாக இருந்து, வலி வருமுன்பே மறுபடி ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களைப் பற்றி 2009இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 37ஆம் வாரத்தில் எடுத்த குழந்தைகளில் 15.3 சதவீதத்துக்கு மூச்சுச் சிக்கல் முதலான ஏதோ ஒரு தொல்லை. 38இல் 11. 39இல் 8. அதே அறை, அதே கத்தி. பிள்ளைக்குக் கிடைத்த இரண்டு வாரம்தான் வித்தியாசம்.

நம் ஊரில் 37ஆம் வாரத்தில் நட்சத்திரம் நன்றாக இருக்கிறது என்று தேதி குறித்து வருகிறவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒருவர் நிமிடம் வரை எழுதிக் கொண்டுவந்தார், 10.42 முதல் 10.51 வரை. லக்னம் அமோகமாக இருந்தது. பிள்ளை ஒன்பது நாள் ஆக்ஸிஜனில் இருந்தது. ஜோசியர் பார்த்த கட்டத்தில் நுரையீரலுக்கு வீடு இல்லை போலிருக்கிறது.

காரணத்தோடு செய்யும் ஆபரேஷனை நான் குறை சொல்லவில்லை. துடிப்பு விழுந்து ஏறாவிட்டால் அது பிள்ளையின் உயிரைக் காப்பாற்றும். மாமா சொன்னது வேறு.

14.02.2024, இரவு 8.15

மேலே ஒரு மருத்துவ மாணவர் கேட்கிறார், ஏழு முறையும் சரியாக 140 எப்படி வந்தது என்று. தம்பி, அப்போது பிள்ளையின் துடிப்பு கேட்கக் கையடக்க டாப்ளர் கருவி கிடையாது. வயிற்றில் ஊதுகுழலை வைத்துக் காதை அழுத்திக் கேட்போம். பிரான்சில் பினார் என்ற மருத்துவர் 1895இல் செய்தது, பார்ப்பதற்கு நம் சாம்பிராணிக் கரண்டியின் அண்ணன் மாதிரி இருக்கும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவோம். 35 வந்தால் 140. எண்கள் அதனால் ஒன்றுபோலத்தான் இருக்கும். எல்லாரையும் சந்தேகப்படுவதும் ஒரு படிப்புதான், படியுங்கள்.

17.02.2024, காலை 11.00

கொடி சுற்றுவது பற்றி. கழுத்தில் கொடி சுற்றிப் பிறக்கும் குழந்தைகள் ஐந்தில் ஒன்றாவது இருக்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. தலை வந்ததும் விரலை விட்டுப் பார்ப்போம், தளர்வாக இருந்தால் மாலையைக் கழற்றுவதுபோல் தலைக்கு மேலாகக் கழற்றிவிடுவோம். தொப்புள்கொடி எப்படி வேலை செய்கிறதென்றால், அதன் உள்ளே கெட்டியான கஞ்சி மாதிரி ஒரு பொருள் ரத்தக்குழாய்களைச் சுற்றியிருக்கிறது, லேசில் நசுங்க விடாது. குழந்தை கழுத்தால் மூச்சு விடவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து வருவது கொடி இறுக்கமாக நசுங்கினாலோ, பனிக்குடம் உடைந்தவுடன் தலைக்கு முன்னால் கொடி இறங்கி வந்துவிட்டாலோதான். இரண்டாவது நடந்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்க முடியாது, உடனே ஆபரேஷன்.

அழாத பிள்ளைகளுக்கெல்லாம் ஏன் கொடியைச் சொல்கிறார்கள்? அது கண்ணுக்குத் தெரிகிறது. யாரையும் கேள்வி கேட்காது. நாங்களும் அதன் பின்னால் ஒளிந்திருக்கிறோம்.

மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு இருக்கிறதே. ஒரு தாய்மாமன், கிண்ணத்து எண்ணெயில் நிழல் பார்க்காமல் பிள்ளையை நேரில் பார்க்க மாட்டேன் என்று வார்டு வாசலில் இரண்டு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எண்ணெய்க்கு மருத்துவமனைச் சமையலறைக்கு ஆள் அனுப்பினார்கள். கடலை எண்ணெய்தான் கிடைத்தது. பரிகாரத்துக்கு நல்லெண்ணெய் வேண்டுமா, கடலை எண்ணெய் போதுமா என்று வார்டே இரண்டாகப் பிரிந்தது.

18.02.2024, இரவு 7.30

கேள்வி கேட்டவர் நேற்று மனைவிக்கு வயிறு இறுகுகிறது என்று எழுதியிருந்தார். போய்ப் பார்த்து, பொய்வலி என்று அனுப்பிவிட்டார்களாம். நல்லது. முப்பத்தோரு வாரத்தில் நிஜ வலி என்றால் ஒரு ஊசி இருக்கிறது, டெக்ஸாமெத்தசோன். 6 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு. தாய்க்குப் போட்டால் குறைமாதப் பிள்ளையின் நுரையீரல் முந்தி முதிரும். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளில் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிழைக்க வாய்ப்பே இல்லாத வயதில் பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ஹவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து மனிதர்களில் செய்து பார்த்து 1972இல் வெளியிட்டார். வலியைத் தேடிப் போனவருக்கு மூச்சு கிடைத்தது. விலை மலிவான ஊசி. எல்லாருக்கும் போட்டுவிட வேண்டியதுதான்.

19.02.2024, காலை 7.00

கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். எல்லாருக்கும் போடக் கூடாது. வாரக் கணக்கு சரியாகத் தெரிய வேண்டும், தாய்க்குக் காய்ச்சலும் தொற்றும் இல்லை என்று உறுதியாக வேண்டும், பிறக்கும் பிள்ளையைப் பார்க்க வசதி இருக்க வேண்டும். இவை இல்லாத ஊர்களில் பரவலாகப் போட்டுப் பார்த்ததில் நன்மையைவிடத் தீமையே தெரிந்தது. பிறகு மருத்துவமனைக்குள் கவனமாகப் பார்த்துப் போட்ட ஆய்வில், 2020இல், பலன் உறுதியானது. அதே மருந்துதான். இரவில் எழுதினால் எனக்குக் கொஞ்சம் வேகம் கூடிவிடுகிறது.

24.02.2024, மாலை 5.45

மாமியார் சொன்ன "தண்ணீர் குடித்துவிட்டது".

பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்தால் பனிக்குட நீர் பச்சையாகும். திணறும் பிள்ளை உள்ளேயே பெரிதாக மூச்சு இழுக்க முயன்றால் அந்தக் குழம்பு நுரையீரலுக்குப் போகும். பச்சைத் தண்ணீரைக் கண்டால் என் காலத்தில் எல்லாரும் பாய்வோம். தலை வெளியே வந்ததும், உடம்பு வருவதற்குள், வாயிலும் மூக்கிலும் குழாயை விட்டு உறிஞ்சுவோம். அதில் நான் கெட்டிக்காரி. புதிதாக வரும் பெண்களுக்கு நான்தான் சொல்லித் தருவேன்.

என்னிடம் ஒரு காலத்தில் திட்டு வாங்கிய பெண், இப்போது குழந்தை மருத்துவர், நேற்று தொலைபேசியில் என் பெருமையை இறக்கி வைத்தாள். 2004இல் வெளியான ஆய்வு, பெரும்பகுதி ஆர்ஜென்டினாவில் நடந்தது, 2,500க்கு மேல் குழந்தைகள்: அப்படி உறிஞ்சியதால் ஒரு நன்மையும் இல்லை. சரி, பிறந்து துவண்டு கிடக்கும் பிள்ளைக்காவது மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு உறிஞ்ச வேண்டாமா என்றேன். அதையும் புதுச்சேரி ஜிப்மரில் 122 குழந்தைகளில் செய்து பார்த்து 2015இல் எழுதிவிட்டார்களாம். உறிஞ்சியதற்கும் உறிஞ்சாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. உறிஞ்சுகிற நேரத்தில் பிள்ளைக்குக் காற்று கொடுப்பது தாமதமாகிறது, அவ்வளவுதான்.

பத்து மைல் தூரத்தில் நடந்திருக்கிறது, எனக்கு ஒன்பது வருடம் கழித்துத் தெரிகிறது. பிள்ளை அழுதால் துடைத்துத் தாய் மேல் போட வேண்டியது. அழவில்லை, வாயில் கண்ணுக்குத் தெரிகிற அடைப்பு இருக்கிறது என்றால் மட்டும் எடுக்க வேண்டியது. நான் உறிஞ்சிய நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்னை மன்னிக்கட்டும்.

25.02.2024, மதியம் 1.10

ஒருவர், தன் மகனுக்கு ஆப்கார் மதிப்பெண் பத்துக்கு ஒன்பது என்று எழுதிக் கொடுத்தார்களாம், மீதி ஒன்று எங்கே என்று கேட்கிறார். பள்ளிக்கூடம் சேருமுன்பே தொடங்கிவிட்டது. அந்த ஒன்று கையிலும் காலிலும் இருக்கிறது. பிறந்தவுடன் உள்ளங்கையும் பாதமும் கொஞ்சம் நீலமாக இருக்கும், அதற்கு ஒன்று குறைப்போம். வர்ஜீனியா ஆப்கார் என்ற மயக்க மருந்து மருத்துவர் 1953இல் வெளியிட்ட கணக்கு. அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். நிறம், துடிப்பு, சுளிப்பு, தசை, மூச்சு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு. உங்கள் மகன் ஐஐடிக்குப் போவானா என்பது இதில் தெரியாது.

ஒன்று மட்டும். மூச்சு விடாத பிள்ளையை வைத்துக்கொண்டு மதிப்பெண் போட ஒரு நிமிடம் காத்திருக்கக் கூடாது. வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு எழுதலாம்.

02.03.2024, இரவு 10.00

அந்த வேலை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பிறந்து ஒரு நிமிடத்துக்குள் காற்று உள்ளே போயிருக்க வேண்டும்.

உலர்ந்த துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும், முதுகைத் தேய்க்க வேண்டும். பத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படி ஏதாவது கைகொடுத்தால்தான் மூச்சு தொடங்கும். அதில் பெரும்பாலானவை இதிலேயே அழுதுவிடும். அழாததற்கு ஆம்பு பை, கையால் அமுக்கிக் காற்று கொடுப்பது. கழுத்தை முகர்ந்து பார்ப்பதுபோல லேசாக நிமிர்த்தி, முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி வைத்து, "அழுத்து, இரண்டு, மூன்று" என்று எண்ணிக்கொண்டே நிமிடத்துக்கு நாற்பது முதல் அறுபது முறை. மார்பு எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் நாம் அறைக்குத்தான் காற்று வீசிக்கொண்டிருக்கிறோம். முழுமாதப் பிள்ளைக்குத் தொடங்கும்போது ஆக்ஸிஜன் சிலிண்டர் தேவையில்லை, சாதாரணக் காற்று போதும். இதை நிலைநாட்டியதில் டெல்லி மருத்துவர்களுக்கு 1990களிலிருந்தே பங்கு உண்டு. சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவதற்காக நாங்கள் வீணடித்த நிமிடங்களை எண்ணிப் பார்க்க விருப்பமில்லை.

எங்கள் ஆயா ஒருவர் அதை அன்புப் பை என்பார். பல தடவை திருத்தினேன். ஒவ்வொரு டூட்டி தொடங்கும்போதும் பையை எடுத்து, முகமூடியை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து ஒரு முறை அமுக்கிப் பார்ப்பார். காற்று ஒழுகினால் விரலில் தெரியும். முழுமாதத்துக்கு ஒன்றாம் எண் முகமூடி, குறைமாதத்துக்குப் பூஜ்யம். இரண்டையும் துடைத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் தரையைத் துடைக்கப் போவார். அவர் வேலையே இல்லை அது. அதன்பிறகு திருத்துவதை விட்டுவிட்டேன்.

இந்தியாவில் 2009இலிருந்து இதற்கென்றே நவஜாத சிசு சுரக்ஷா என்ற பயிற்சி நடக்கிறது. இரண்டு நாள், பொம்மை வைத்து. எனக்கு அந்தப் பயிற்சி பணியில் சேர்ந்து இருபது வருடம் கழித்துத்தான் கிடைத்தது.

03.03.2024, அதிகாலை 3.25

பதினைந்து விநாடி, நாலால் பெருக்கினால் 140 என்று பிப்ரவரி 14இல் எழுதினேன். அது பொய். அந்த மாணவரிடம் கோபப்பட்டதும் அதனால்தான்.

1993இல் அந்த அறையில் நான்கு மேசை. ஒன்பது பெண்கள். நானும் ஓர் ஆயாவும். மதியம் இரண்டரைக்கு அந்தப் பெண்ணின் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டேன், 140 இருந்தது. அது நிஜம். அதற்குப் பிறகு நான் கேட்டது ஐந்தே முக்காலுக்கு, அவள் முக்கத் தொடங்கியபின். 90ஓ என்னவோ. இரைச்சலில் தாயின் நாடி என்று நினைத்துக்கொண்டேன், மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கவில்லை. ஏழு மணிக்கு டூட்டி மாறும். அதற்குள் முடித்துவிட்டால் இரவில் வருகிறவளுக்குப் பாரம் குறையும் என்று டிரிப்பின் சக்கரத்தைக் கட்டைவிரலால் தள்ளிக் கூட்டியவள் நான்தான். யாரும் சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்பது வேறு விஷயம். வலி ஒன்றின்மேல் ஒன்றாக வந்தது. அவள் கட்டில் கம்பியைப் பிடித்து, சிஸ்டர், இடைவெளியே இல்லையே என்றாள். அதுதான் நல்லது என்றேன்.

பெண் குழந்தை. 2.9 கிலோ. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினேன், அப்படித்தான் அன்று செய்வோம். ஆம்பு பை இருந்தது. பூட்டிய அலமாரிக்குள். சாவி வீட்டுக்குப் போயிருந்தது.

பிள்ளையை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பியபின் உட்கார்ந்து கேஸ் ஷீட்டை நிரப்பினேன். 3.00 – 140. 3.30 – 140. 4.00 – 140. ஐந்தரை வரைக்கும். ஒரே பேனா, ஒரே அழுத்தம். யார் பார்த்தாலும் ஒரே மூச்சில் எழுதியது என்று தெரியும். பார்த்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

நான்காம் நாள் குழந்தை போய்விட்டது. தையல் பிரிக்க வந்தபோது அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். "நான் சரியாக முக்கவில்லையா, சிஸ்டர்?" ஆமாம் அம்மா, அடுத்த தடவை நன்றாக முக்கு என்றேன்.

04.03.2024, இரவு 9.00

பலர் ஆறுதல் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். ஒருவர் மட்டும் திட்டியிருக்கிறார், அவருக்கு நன்றி.

அழுவதை விட்டுவிட்டு வேலைக்கு வருகிறேன். டிரிப் போட்டால் வீட்டார் என்ன கேட்கலாம்? போடுவது ஏன் என்று கேட்கலாம். பத்து நிமிடத்துக்கு எத்தனை வலி என்று கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு நீங்களே எண்ணலாம், வயிற்றில் கை வைத்தாலே இறுக்கம் தெரியும். ஐந்தைத் தாண்டினால் சொல்லுங்கள். டிரிப்பை நிறுத்தி, தாயை இடதுபுறம் ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே பல பிள்ளைகளின் துடிப்பு மேலே வந்துவிடும். சண்டை போடாமல் கேளுங்கள். அங்கே நிற்கிறவளுக்கும் ஒன்பது பேர் இருப்பார்கள்.

கிராமங்களில் பிரசவம் சீக்கிரம் ஆக வேண்டும் என்று இடுப்பில் வலி வரவைக்கும் ஊசி போடுவார்களே, அது இதைவிட மோசம். டிரிப்பையாவது நிறுத்தலாம், இடுப்பில் ஏறிய மருந்தை எப்படித் திரும்ப எடுப்பது?

வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளுவதும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் கூடாது என்கிறது. நான் செய்திருக்கிறேன், ஸ்டூலின் மேல் ஏறி நின்று. கர்ப்பப்பை கிழியலாம், பிள்ளைக்கும் மூச்சு முட்டும்.

05.03.2024, காலை 8.40

மாணவத் தம்பிக்கு: நீங்கள் கேட்டது சரியான கேள்வி. மன்னிக்கவும். கேஸ் ஷீட்டில் ஒரே எண் வரிசையாக இருந்தால் வேலைக்குப் போனபின்னும் இப்படியே கேளுங்கள். பிள்ளையின் துடிப்பு ஒரே இடத்தில் நிற்காது. நிமிடத்துக்கு நிமிடம் கூடிக் குறைந்துகொண்டிருப்பதுதான் அது நன்றாக இருப்பதன் அடையாளம்.

பிரசவத்தைக் கோடு போட்டுப் பார்க்கும் பார்ட்டோகிராப் தாளை 1970களின் தொடக்கத்தில் அன்றைய ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே), மருத்துவச்சிகள் பயன்படுத்துவதற்காகவே செம்மைப்படுத்தினார்கள். எந்த நேரத்தில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று தாளே சொல்லும். நல்ல தாள். எங்கள் இடத்தில் அதைப் பிரசவம் முடிந்தபின்தான் நிரப்புவோம். கோடு எப்போதும் அழகாக ஏறும்.

10.03.2024, மாலை 6.00

"மூச்சுத் திணறிய பிள்ளையின் உடம்பைப் பிறந்தபின் குளிர்விக்கும் சிகிச்சை இருக்கிறதே, அது மூளையைக் காப்பாற்றிவிடுமே" என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர். அங்கே பலன் தருகிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் செய்து பார்த்து 2021இல் எழுதினார்கள். இறப்பும் ஊனமும் சேர்த்துப் பார்த்தால் குறையவில்லை. இறப்பு மட்டும் எடுத்தால் குளிர்வித்தவர்களில் 42 சதவீதம், மற்றவர்களில் 31. ஒருவேளை நம் பிள்ளைகள் அடிபடுவது நீண்ட நேரமாக, மெதுவாக, பிறப்பதற்கு வெகு முன்பே என்பதால் இருக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டரைக்கும் ஐந்தே முக்காலுக்கும் நடுவில் நடப்பதை ஏழு மணிக்கு மேல் குளிரவைத்து என்ன செய்வது.

23.03.2024, காலை 10.30

கேள்வி கேட்டவர் பிரசவத்துக்குப் போகப் பை கட்ட என்னென்ன வேண்டும் என்று கேட்கிறார். உங்கள் மாமியாரின் பழைய பருத்திப் புடவை இரண்டு. வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வைத்தது. ஒன்று துடைக்க, ஒன்று போர்த்த. ஈரத்துணியிலேயே பிள்ளையைச் சுற்றி வைத்தால் குளிர்ந்துபோகும், குளிர்ந்த பிள்ளைக்கு மூச்சும் திணறும். புதுத்துணி வேண்டாம், கஞ்சி இருக்கும், நீர் உறிஞ்சாது.

வலி நேரத்தில் மல்லாந்தே கிடக்க வேண்டாம். நடக்கலாம், உட்காரலாம், ஒருக்களிக்கலாம். மல்லாந்தால் கனமான வயிறு பெரிய ரத்தக்குழாயை நசுக்கும். கூட ஒரு பெண்ணை அனுமதிப்பார்கள், மனைவியின் அம்மாவை அனுப்புங்கள். கையில் ஒரு கடிகாரம் கொடுத்து அனுப்புங்கள்.

பனிக்குடம் உடைந்தால் நிறம் பார்த்துச் சொல்லுங்கள். பச்சையாக இருந்தால் பயப்படாமல், ஆனால் உடனே. பிள்ளை அசைவு குறைந்தாலும் அப்படித்தான், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: 23.04.2024, இரவு 8.50

நேற்று காலை 8.10க்கு ஆண் குழந்தை. 3.1 கிலோ. சுகப்பிரசவம். உடனே அழவில்லை, துடைத்து முதுகைத் தேய்த்ததும் அழுதானாம், இருபது விநாடி இருக்கும் என்று மாமியார் சொன்னார். மாமியார் கடிகாரத்தோடு உள்ளே போனவர், அங்கிருந்த சிஸ்டரிடம் ஒவ்வொரு தடவையும் எண்ணைக் கேட்டு, தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்னால் எழுதி வைத்திருக்கிறார். சிஸ்டருக்கு முதலில் எரிச்சலாம், பிறகு அவரே கூப்பிட்டுச் சொன்னாராம். தாளைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். அக்காவிடம் நீங்கள் சொன்னதை அன்றே சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

23.04.2024, இரவு 9.35

தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் திங்கட்கிழமை, ராகுகாலம் 7.30 முதல் 9 வரை. மாமாவிடம் காட்ட வேண்டாம்.

பின்பக்கம்: 138, 146, 140, 132, 150, 128. அடுத்தது 108, பக்கத்தில் "இடது பக்கம் படுக்க வைத்தார்கள்". அதன்பின் 134, 140, 144, 126, 136.

140 இரண்டு முறை வந்திருக்கிறது. பரவாயில்லை, அடுத்தடுத்து வரவில்லை.